கொரோனா காலத்தில் மனசு பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொரோனாவில் உடம்பு பட்டதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மனசு பட்டதைப் பற்றி இன்னும் வாய் திறக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. அந்த முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக அதே நிறுவனம் பிறகு சொன்னது. அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி.

எனக்குத் தொற்று வந்து தனி அறையில் இருந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். விரலை நுழைத்தால் 97 காட்டும், நிம்மதியாக இருக்கும். உடனே, சரியாகத்தான் மாட்டினோமா என்று சந்தேகம் வரும். அடுத்த விரல். கை சில்லிட்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்பது யாருக்குத் தெரியும்? ஒரு ராத்திரி 91 காட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

போனில் பேசிய டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். 96. "இது பேனிக் அட்டாக்மா, திடீர்னு பயம் உச்சத்துக்குப் போறது. வேகமா மூச்சு வாங்கும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதுலதான் விரல் மரத்துப்போகுது. மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடுங்க" என்றார். பிறகு ஒரு கட்டுப்பாடும் போட்டார்: ஒரு நாளைக்கு மூன்று வேளைதான் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், உடனே அவரைக் கூப்பிடலாம். பார்த்ததும் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேர நிம்மதிதான் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் என்ன நடக்கிறது என்றே புரிந்தது. முதல் நாள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. போகப் போக, தள்ளிப்போடுவது சுலபமாகிவிட்டது.

*

திரும்பத் திரும்பப் பார்க்கிற அந்தப் பழக்கம் எனக்குப் போன்ல வந்துச்சு அக்கா. விடியக்காலைல கண்ணு முழிச்சதும் சாவு எண்ணிக்கை, அப்புறம் குரூப்ல வர்ற ஃபார்வேர்டு எல்லாம். எது நிஜம் எது புரளின்னே தெரியாது. ராத்திரி போனை வேற ரூம்ல வச்சுட்டுப் படுக்க ஆரம்பிச்ச பிறகுதான் தூக்கம் வந்துச்சு. செய்தி சாயங்காலம் ஒரு வேளை மட்டும். இன்னைக்கும் அப்படித்தான்.

*

என் அப்பா ஐசியூவில் இறந்தார். கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு வீடியோ காலில். முகத்தில் மாஸ்க், பேச முடியவில்லை. செவிலியர்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறுதிச் சடங்குக்கு எங்களை விடவில்லை. அவருடைய கண்ணாடியும் வாட்சும் பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் கவரில் வந்தன. கண்ணாடியில் அவர் விரல் ரேகை இருந்தது. துடைக்க மனசே வரவில்லை.

துக்கம் கேட்டவர்கள் "வயசானவர்தானே, தைரியமா இரு" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் அழுகையை விழுங்க வேண்டியிருந்தது. அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஆள் மாறிவிட்டது என்றுகூட நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உடலைப் பார்க்காதவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு என்று ஆலோசகர் சொன்னார். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துயரம் நீடித்தால், அதைச் சிகிச்சை தேவைப்படும் தனிப் பிரச்சினையாகவே உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் சேர்த்திருக்கிறது. அதை அறிந்தபோது, நான் பலவீனமானவள் இல்லை என்று முதல்முறையாக நம்பினேன்.

ஊரடங்கு முடிந்த பிறகு அண்ணன் எல்லாரையும் வரவழைத்தான். அப்பாவைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னோம். அவருக்கு நான் எழுதிவைத்திருந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். எனக்கு அவர் அன்றைக்குத்தான் இறந்தார். இந்தத் தொற்றில் இப்படி யாரையாவது இழந்தவர்களுக்குச் சொல்கிறேன்: நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், இப்போதும் செய்யலாம்.

*

மேலே எழுதிய தங்கைக்கு என் ஆறுதல். அந்தக் காலத்தில் ஓர் உதவி எண்ணில் தன்னார்வலராக இருந்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உளவியல் முதலுதவி: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. இதில் கேட்பதுதான் கஷ்டம். "பாசிட்டிவா இருங்க" என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

ஒருவர் தினமும் அழைத்து, இருமல் எத்தனை நாள் இருக்கும் என்றே கேட்பார். ஒருநாள் நான், "வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?" என்றேன். யாரும் இல்லை. வேலையும் போயிருந்தது. குரலில் ஏதோ சரியில்லை என்று பட்டதால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி வராது. அவர் "ஆமாம்" என்றார். அவருடைய அக்காவை இன்னொரு லைனில் பிடித்து, அவர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். மறுநாள் அக்காவே அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்.