நேட்டாலுக்குப் போன தாத்தாவை எங்கே தேடுவது?

குடியாத்தம்_கொள்ளுப்பேரன்:
என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. வீட்டில் மிச்சம் 1898-ல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம்தான். அதில், "நெட்டாலுக்குப் போயிருக்கிற என் தமையனார் பாகம் நீக்கி" என்று ஒரு வரி இருக்கிறது. அவருக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு என்று பாட்டி சொல்வார். அவர் வாரிசுகள் அங்கே இருப்பார்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது. எங்கே தொடங்கட்டும்?

பழைய_ஏடு:
தம்பி, அந்தப் பத்திரத்தை பத்திரமாக வையுங்கள். அவர் 1898-ல் அது எழுதப்படும் முன்பே கப்பலேறிவிட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று கப்பல் பட்டியலில் பதிந்தார்கள். பாட்டி சொன்ன தழும்பு அங்கேதான் கைகொடுக்கும். ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் வேறு எதை வைத்துப் பிரிப்பது?

டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். வட ஆற்காடு ஜில்லா என்று குறிப்பிடுங்கள், குடியாத்தம் அப்போது அதில்தான். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயர் கன்னாபின்னாவென்று இருக்கும். தகப்பன் பெயரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_மருமகள்:
எண் கிடைத்ததும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தை விடாதீர்கள். இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளில் முறையீடுகள், ஊருக்குப் பணம் அனுப்பிய விவரம் எல்லாம் உண்டு. இறந்தவர் சொத்துக் கோப்பு இருந்தால் பிள்ளைகள் பெயரும் தெரிந்துவிடும். இங்கே தாத்தாவின் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராகிவிட்டது, அதையும் மனதில் வையுங்கள்.

குடியாத்தம்_கொள்ளுப்பேரன்:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா. பத்திரத்தில் தகப்பனார் பெயர் தெளிவாக இருக்கிறது. இன்றைக்கே எழுதுகிறேன்.

பழைய_ஏடு:
எழுதும்போது, கூடப் போனதாக ஊரில் சொல்லப்படும் மற்றவர்கள் பெயர்களையும் சேருங்கள். சேர்ந்து கப்பலேறியவர்களின் எண்கள் அடுத்தடுத்து வருவதுண்டு. ஒருவர் அகப்பட்டால் முன்னும் பின்னும் பத்து வரி பார்க்கச் சொல்லுங்கள்.