அலாஸ்காவா, நார்வேயா: பெற்றோருடன் வடக்கே போக எந்தக் கப்பல் நிறுவனம்?

கேள்வி: செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு அப்பா, அம்மா, மனைவி, நான் ஆகிய நால்வரும் பனிமலைகளையும் பனியாறுகளையும் கப்பலில் இருந்தபடியே பார்க்கக்கூடிய ஒரு பயணம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. ஆனால் ஒரு நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்க்க உட்கார்த்திவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அம்மா சுத்த சைவம். இருவரும் சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பெரிய கப்பலில் பயணம் செய்திருக்கிறார்கள். அதன் கூட்டமும் இரைச்சலும் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. அம்மாவுக்கோ அந்தக் கப்பலில் கிடைத்த இந்தியச் சாப்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

இங்குள்ள பயண முகவர் ஒருவர் ராயல் கரீபியன், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, நார்வீஜியன் ஆகிய நான்கின் அலாஸ்கா விலைகளையும் எடுத்து வைத்து, "எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், மலிவானதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நண்பர் ஒருவரோ அலாஸ்காவை விட்டுவிட்டு நார்வேக்குப் போகச் சொல்கிறார். மனைவி பள்ளி ஆசிரியை என்பதால் ஆண்டின் நடுவில் வரும் விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும். எந்த நிறுவனத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தீவுக்காரன், ஜார்ஜ்டவுன்

தம்பி, எல்லாம் ஒன்றுதான் என்று உங்கள் முகவர் சொன்னது அறைக்கும் படுக்கைக்கும் பொருந்தலாம். அலாஸ்காவின் பனியாறுகளுக்குப் பொருந்தாது. கப்பலின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அது எந்தப் பனியாற்றின் முன்னால் போய் நிற்கும், எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படும் என்ற இரண்டையும் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் பெரிய பயணிகள் கப்பல்கள் நாளொன்றுக்கு இரண்டு மட்டுமே நுழையலாம். அந்த அனுமதிகளில் பெரும்பங்கு பிரின்சஸிடமும் ஹாலந்து அமெரிக்காவிடமும் இருக்கிறது. நார்வீஜியனுக்கும் ஓரளவு உண்டு. ராயல் கரீபியன் கப்பல்கள் பெரும்பாலும் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே உள்ள குறுகிய கடற்கால்களுக்கோ போகின்றன. ஹப்பார்டும் இலேசுப்பட்டதல்ல; கடலைத் தொடும் அதன் முகப்பு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமாக இருந்தால் கப்பல் தள்ளியே நின்றுவிடும். அந்தக் கடற்கால்களில் ஒன்றான டிரேசி ஆர்ம் என்று பட்டியலில் போட்டிருந்தால் மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட்டில் அங்கே பெரிய மலைச்சரிவு ஏற்பட்டு, அதனால் எழுந்த அலை எதிர்க்கரையின் மரங்களையே வழித்தெடுத்துவிட்டது.

உங்கள் அப்பாவுக்குக் கிளேசியர் பே பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அங்கே கப்பலிலிருந்து யாரும் இறங்குவதில்லை. மலையேறுபவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் ஒரே காட்சிதான். காலையில் பூங்கா அதிகாரிகள் சிறு படகில் வந்து, கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கயிற்றேணியில் தொற்றி ஏறுவார்கள். அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வது அவர்கள்தான். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் அந்த வளைகுடா முழுவதும் ஒரே பனிக்கட்டியாக இருந்தது, அது 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியதால்தான் நாம் இன்று கப்பலில் உள்ளே வருகிறோம் என்று அவர்கள் விளக்கும்போது, கண்முன்னே தெரியும் வெறும் பாறைச் சரிவுகளுக்குப் பொருள் விளங்கும். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று மெல்லத் திரும்பும். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் அந்த நேரத்தில் திறந்த தளத்தில் சூடான பட்டாணி சூப் கொடுப்பது வழக்கம். அம்மாவுக்கு வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்களின் பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்வது உண்டு.

அடுத்து, புறப்படும் இடம். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையில் உள்ள அமைதியான நீர்வழியில் போகும். இருபுறமும் காடும் மலையுமாக இருக்கும். சியாட்டிலிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போவதால் ஆட்டமும் அதிகம், பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல், நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவர்களை அமெரிக்காவிலேயே இறக்கிவிடக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது அதற்காகத்தான். பெரும்பாலும் ஊர் அடங்குகிற நேரத்தில்தான் போய்ச் சேரும்.

இந்தப் பின்னணியில் என் தேர்வு, வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் ஹாலந்து அமெரிக்கா கப்பல். அலாஸ்காவுக்கு அவர்கள் அனுப்பும் கப்பல்களில் ஏறக்குறைய 1,400 முதல் 2,700 பேர் வரை பயணம் செய்யலாம். ராயல் கரீபியன் அனுப்பும் பெரிய கப்பல்களில் 4,000-க்கும் மேல். சிங்கப்பூரில் உங்கள் அப்பாவுக்கு ஒத்துவராதது எதுவோ, அதையே இன்னும் அதிகப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

பதில்: பிரிக்பீல்ட்ஸ் அக்கா, கோலாலம்பூர்

தீவுக்காரர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் விசாவைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவுக்கும் விசா வேண்டும், கனடாவுக்கும் விசா வேண்டும். சியாட்டிலில் ஏறினாலும் விக்டோரியா வருகிறது, வான்கூவரில் ஏறினாலும் ஜூனோ வருகிறது. ஆகவே இரண்டில் எதையும் தவிர்க்க முடியாது. நான்கு பேருக்கு எட்டு விண்ணப்பம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துன் ரசாக் சாலையில் உள்ள தூதரகத்தில் நேர்காணல் தனி, கனடாவுக்குக் கைரேகை தனி. இவையெல்லாம் கைக்கு வரும் முன்பே கப்பலுக்கு முழுப் பணமும் கட்டும் கெடு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூவருக்கு விசா வந்து ஒருவருக்கு வராமல் போனதில், யாருமே போகவில்லை.

நார்வேக்கு நமக்கு விசா தேவையில்லை. நார்வேயும் சேர்ந்த ஷெங்கன் எனும் ஐரோப்பியப் பொது எல்லை நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். கப்பல் சவுதாம்ப்டனில் புறப்படுவதாக இருந்தால் மட்டும், பிரிட்டனுக்கு இணையத்தில் மின்னணு அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து மலேசியர்களுக்கும் அது கட்டாயம்.

நார்வேயில் நீங்கள் செய்ய வேண்டிய தேர்வு நிறுவனங்களுக்கு இடையே அல்ல, இரண்டு வகைக் கப்பல்களுக்கு இடையே. ஒன்று, நமக்குப் பழகிய பெரிய உல்லாசக் கப்பல். மற்றொன்று, 1893 முதல் ஓடும் ஹுர்டிகுருட்டன் கடலோரக் கப்பல். 2021 கடைசியிலிருந்து ஹாவிலா என்ற நிறுவனமும் அதே தடத்தில் ஓட்டுகிறது. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வர 12 நாள். இதில் சூதாட்டக் கூடமும் இல்லை, நாடக அரங்கும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் பேருந்தில் ஏறுவதைப் போல ஏறி இரண்டு ஊர் தள்ளி இறங்குவார்கள். சிறிய ஊர்களில் பதினைந்து நிமிடமோ அரை மணியோதான் நிற்கும். பக்கவாட்டுக் கதவு திறந்ததும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி உள்ளே ஓடி வந்து மீன் பெட்டிகளையும் மளிகைச் சரக்கையும் தூக்கிக்கொண்டு போகும்; கடைசிப் பெட்டி இறங்கியதும் கதவு மூடும், கப்பல் நகரும். உங்கள் அப்பா தளத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிடுவார். ஹாவிலாவின் கப்பல்களில் பெரிய மின்கலங்கள் இருப்பதால் ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடற்கால்களுக்குள், இயந்திரச் சத்தமே இல்லாமல் சில மணி நேரம் ஓட்ட முடியும்.

மே கடைசியில் நார்வே நல்ல பருவம். பனி உருகுவதால் கெய்ராங்கர் ஃபியோர்டின் அருவிகள் நிறைந்து விழும். வடக்கு நார்வேயின் டிரோம்சோ நகரில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் கடந்தும் சூரியன் மறையாது. கெய்ராங்கரில் பெரிய கப்பல்களை இன்னும் எத்தனை காலம் விடுவார்கள் என்ற பேச்சும் உண்டு. உலக மரபுச் சின்னமாகிய அந்த ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்கள் 2026 முதல் புகையே விடக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம்.

பதில்: பாயான் லெப்பாஸ், பினாங்கு

அக்காவுக்கு ஒரு சிறு மறுப்பு. கேள்வி கேட்டவர் முதல் வரியிலேயே பனியாறு என்கிறார். நார்வேயின் நிலப்பகுதியில் கடலுக்குள் வந்து முடியும் பனியாறு எதுவும் கிடையாது. ஃபியோர்டு உண்டு, அருவி உண்டு, மலை முகட்டில் பனி உண்டு. பனிச்சுவர் உடைந்து கடலில் விழுவதைக் கப்பலிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் நார்வேக்கு வெகு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே 2025 முதல், காப்புப் பகுதிகளுக்குள் செல்லும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டதால், அது சிறிய கப்பல், பெரிய செலவு என்றாகிவிட்டது.

இரண்டாவது, சாப்பாடு. கடலோரக் கப்பலில் அம்மாவுக்குச் சைவம் கிடைக்கும், ஆனால் அது நார்வே நாட்டுச் சைவம்: வேரில் விளைந்த காய்கள், காளான், ரொட்டி, பாலாடைக்கட்டி. இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கும். பன்னிரண்டு நாளைக்கு அம்மா என்ன சொல்வார் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். அலாஸ்கா போகும் பெரிய நிறுவனங்களில், முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் இந்தியச் சைவ உணவுக்கு ஏற்பாடு செய்வார்கள். கப்பலில் ஏறிய அன்றே பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துப் பேசிவிட்டால், பல கப்பல்களில் மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று முந்தைய நாளே கேட்டுக்கொண்டு போவார்கள். பருப்பு, சப்பாத்தி, ஏதாவதொரு கூட்டு என்று வரும். நம் வீட்டு ரசத்தை எதிர்பார்க்க வேண்டாம். செப்டம்பரில் போகலாமா என்று யாராவது கேட்டால், புரட்டாசியில் நால்வருமே சைவமாகிவிடுவீர்கள் என்பதோடு, அலாஸ்காவின் தென்கிழக்கில் அப்போதுதான் மழை கொட்டத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மே மாதம் அங்கே மழை குறைவு. குளிர் இருக்கும், மலைகளில் பனியும் நிறைய இருக்கும், விலையும் ஜூலையைவிட இறங்கியிருக்கும்.

மூன்றாவது, முகவர் காட்டும் விலை முழு விலை அல்ல. அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர் அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தாமாகவே கணக்கில் ஏற்றிவிடும். நால்வருக்கு ஏழு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். இணையம் தனி, கரைச் சுற்றுலா தனி. கரையில் ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் வைட் பாஸ் இரயிலில் அப்பாவை ஏற்றிவிடுங்கள். தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த குறுகிய தடம் அது. கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே ஏறலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

செந்தூல்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் பனிச்சுவர் என்றதும் அதிலேயே நின்றுவிட்டார். எனவே அலாஸ்கா என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அக்கா சொன்னபடி விசா வேலையை முதலில் தொடங்குகிறோம். தீவுக்காரர் அண்ணனுக்கு ஒரு கேள்வி: மாடம் வைத்த அறைக்கு மிகவும் கூடுதலாகக் கேட்கிறார்கள். அது அவசியமா? எடுத்தால் எந்தப் பக்கம்?

தீவுக்காரன், ஜார்ஜ்டவுன்

போய்த் திரும்பி அதே துறைமுகத்துக்கு வரும் பயணத்தில் பக்கம் ஒரு பொருட்டல்ல. போகும்போது நிலம் வலப்புறம் என்றால் வரும்போது இடப்புறம். கிளேசியர் பேயில் கப்பல் திரும்பி நிற்பதால் இரு பக்கத்தாருக்கும் காட்சி உண்டு. வடக்கே விட்டியரிலோ சீவர்டிலோ இறங்கிவிடும் ஒருவழிப் பயணமாக இருந்தால் மட்டும் வலப்புறம் கேளுங்கள்.

உங்கள் பெற்றோருக்கு மாடம் எடுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் வேண்டாம். அப்பா குளிர் தாங்காமல் அடிக்கடி உள்ளே போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மின்தூக்கியில் ஏறி இறங்குவது அவருக்குத் தொல்லை. உங்களுக்குச் சன்னல் இல்லாத உள்ளறையே போதும், பகலில் அங்கே இருக்கவே மாட்டீர்கள். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் கீழ்த்தளத்தைச் சுற்றி நடைபாதை ஓடும். தண்ணீருக்கு அருகில் இருப்பதால் மேல்தளத்தைவிட அங்கிருந்து பார்ப்பது நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது மாடத்துக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று தள வரைபடத்தில் பாருங்கள். விலை திடீரென்று இறங்கித் தெரியும் அறைகளில் பாதி அப்படிப்பட்டவைதான்.

பணம் கட்டும் முன், அந்தத் தேதிக்குரிய பயண நிரலில் கிளேசியர் பே என்ற பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "பனியாற்றுக் காட்சி" என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அது வேறு இடம். அவசர மருத்துவ உதவிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்புறுதியை அப்பா பெயரில் கட்டாயம் எடுங்கள். எழுபது வயதுக்கு மேல் சில நிறுவனங்கள் தொகையைக் குறைத்துவிடும், அதையும் கேளுங்கள்.