34 இன்ச் கர்வ்டு அல்ட்ராவைட் மானிட்டர்: ஆல்பம் டிசைன் வேலைக்கு அவ்ளோ காசு போடலாமா?

டெல்டாஸ்டுடியோ:
வணக்கம் மக்களே. கும்பகோணம் பக்கத்துல சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாண போட்டோ, வீடியோ, ஆல்பம் டிசைன் எல்லாம் நானேதான். இப்ப இருக்கறது 24 இன்ச் ஃபுல் எச்டி, வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. நமக்கு வர்ற ஆல்பம் முக்கால்வாசி 12×36 இன்ச் ஷீட்டுதான், அத ஃபோட்டோஷாப்புல முழுசா தொறந்தா நடுவுல ரிப்பன் மாதிரி கெடக்குது, மேலயும் கீழயும் வெறும் சாம்பல் கலரு. ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஜூம் பண்ணி, திரும்ப வெளிய வந்து, மறுபடி ஜூம் பண்ணி கை வலிதான் மிச்சம்.

போன வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தப்ப ஒரு கடைல 34 இன்ச் கர்வ்டு ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு, ஏதோ கார் ரேஸ் கேம் போட்டு வச்சிருந்தாங்க, நின்ன எடத்த விட்டு நகர மனசே வரல. 42 ஆயிரம் சொன்னாரு. ஆடி மாசம் வேலை இல்ல, ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள மாத்திடலாம்னு பாக்கறேன். வீட்டம்மா அந்தக் காசுக்கு ஹாலுக்கு டிவியே வாங்கலாமேங்கறாங்க. சிஸ்டத்துல ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு இருக்கு. உண்மையிலயே வொர்த்தா, இல்ல பாக்க மட்டும் பந்தாவா?

மூணாவதுமாடி:
மூணு வருஷமா 34 இன்ச் கர்வ்டுதான் யூஸ் பண்றேன் ப்ரோ, நான் ஐடி, வீட்லருந்து வேலை. எனக்கு வொர்த்து. இடது பக்கம் புரோகிராம், வலது பக்கம் பிரவுசர், ஓரமா சாட்டு, நடுவுல ஃபிரேம் கோடு இல்லாம எல்லாம் ஒரே ஷீட்டு மாதிரி. ஆனா ஒண்ணு புரிஞ்சிக்கோங்க, உயரம் 27 இன்ச் மானிட்டர் உயரம்தான், 33 சென்டிமீட்டர் சொச்சம். அகலம் மட்டும் 80 சென்டிமீட்டர் கிட்ட வரும். பெரிய ஸ்கிரீன்னு நெனச்சு வாங்கினா ஏமாந்த மாதிரி இருக்கும், இது அகலமான ஸ்கிரீன், அவ்ளோதான்.

ரெசொல்யூஷன், அதாவது ஸ்கிரீன்ல இருக்கற புள்ளி கணக்கு, 3440×1440 மட்டும் பாருங்க. அதே 34 இன்ச்சுல 2560×1080ம் விக்கறாங்க, வெல கம்மி, ஆனா எழுத்தெல்லாம் பொரிபொரியா தெரியும். அப்புறம் கேபிள். எச்டிஎம்ஐ 2.0ல போட்டீங்கன்னா 100 ஹெர்ட்ஸ் (ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கற கணக்கு) வரைக்கும்தான், முழு 144 வேணும்னா டிஸ்ப்ளேபோர்ட்லதான் போடணும், எனக்கு இது தெரியாம ரெண்டு வாரம் செட்டிங்ஸ நோண்டிட்டிருந்தேன். உங்க வேலைக்கு 144 எல்லாம் தேவையே இல்ல, அதுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க. உங்க கார்டு தாங்கும்.

யூடியூப் பாத்தா ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வரும், பழகிடும். மீட்டிங்ல முழு ஸ்கிரீன ஷேர் பண்ணா எதிர்ல இருக்கறவங்களுக்கு எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும், அது மட்டும் இன்னிக்கு வரைக்கும் ரோதனை.

டைம்லைன்தாமு:
தம்பி, நானும் உங்க லைன்தான், இருபது வருஷமா. மேல தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா அவர் தனியா உக்காந்து வேலை பாக்கறவரு. நம்ம கடைல அப்படியா? பொண்ணு வீட்டுக்காரங்க நாலு பேரு நாற்காலிய இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்துதான் ஆல்பம் பாப்பாங்க.

நான் வாங்கினது 1500ஆர் கர்வ்டு, விஏங்கற வகை பேனல். அந்த ஆர் நம்பர் என்னன்னா வளைவோட ஆரம், மில்லிமீட்டர்ல. 1500ன்னா ஒண்ணரை மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துலருந்து ஒரு துண்ட வெட்டி எடுத்த மாதிரி. நம்பர் கொறைய கொறைய வளைவு ஜாஸ்தி, 1000 எல்லாம் நல்லா தொட்டி மாதிரி இருக்கும். 34 இன்ச்சுக்கு 1500ன்னா ரெண்டு ஓரமும் நடுவ விட அஞ்சு சென்டிமீட்டர் முன்னாடி வரும். நேரா நடுவுல உக்காந்தா ரொம்ப சொகம், டைம்லைன்ல முகூர்த்தம் முழுக்க ஒரே நீட்டுக்கு விரிச்சிப் போட்டு வெட்டலாம், வீடியோ வேலைக்கு அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா அது ஒரே ஒரு நாற்காலிக்காக செஞ்ச பொருளு.

என் கதைய கேளுங்க. ஒரு கல்யாணத்துல கூறைப் புடவை நல்ல அரக்கு. பொண்ணோட அம்மா என் வலது பக்கம் உக்காந்து பாத்துட்டு புடவை வெளுத்து தெரியுதே, இன்னும் டார்க் பண்ணுங்கன்னாங்க. விஏ பேனல் சைடுல இருந்து பாத்தா கலர் வெளிறித்தான் தெரியும், அது எனக்கு அப்ப உறைக்கல. நானும் இழுத்து விட்டேன், அவங்களும் தலையாட்டினாங்க. பிரிண்ட் வந்தா புடவை கிட்டத்தட்ட கருப்பு, ஜரிகை மட்டும் தனியா மின்னுது. முகூர்த்த ஷீட்டுல கருப்புப் புடவைன்னா சும்மா விடுவாங்களா? ஆறு ஷீட்டு திரும்ப அடிச்சேன், என் கைக்காசு.

அதனால அல்ட்ராவைட் வேணும்னா வாங்குங்க, கர்வ்டு வேணாம். ஃபிளாட்லயும் 34 இன்ச் வருது, தேடணும், ஐபிஎஸ் வகை பேனலா பாத்து எடுங்க, சைடுல இருந்து பாத்தாலும் கலர் அவ்ளோ மாறாது. கருப்பு விஏ அளவுக்கு ஆழமா வராது, லைட்ட அணைச்சா மூலைல லேசா வெளிச்சம் தெரியும், பரவால்ல. எஸ்ஆர்ஜிபி (கலருக்கான பொது அளவுகோல்) கவரேஜ் 99 சதவீதம் போட்டிருக்கான்னு பாருங்க. ஓஎல்இடி வகை பேனல் பக்கம் போகாதீங்க, நம்ம ஃபோட்டோஷாப் டூல்பார் நாள் பூரா ஒரே எடத்துல நிக்கும், நாளடைவுல அதே உருவம் ஸ்கிரீன்ல தழும்பு மாதிரி பதிஞ்சிடலாம்.

வயர்மேன்77:
எதுக்கு இவ்ளோ? 27 இன்ச் ரெண்டு வாங்கி பக்கத்து பக்கத்துல வைங்க, அதே காசு, ஒண்ணரை மடங்கு எடம். 3440×1440ங்கறது 27 இன்ச் கியூஎச்டிய (2560×1440) விட மூணுல ஒரு பங்குதான் ஜாஸ்தி, மீதி எல்லாம் மார்க்கெட்டிங். ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் இன்னொண்ண வச்சு ஓட்டலாம்.

டைம்லைன்தாமு:
கணக்கு சரிதான் நண்பா, ஆனா 12×36 ஷீட்ட ரெண்டு மானிட்டர்ல பரப்பினா ஃபிரேம் சரியா மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல வரும் :)

வயர்மேன்77:
ஹாஹா அது சரி. அப்ப ஒண்ணு மட்டும் சொல்றேன், 2025 செப்டம்பர் 22லருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18க்கு இறங்கிடுச்சு. பில்லுல எவ்ளோ போடறாங்கன்னு பாத்து வாங்குங்க. ஸ்டுடியோ பேர்ல ஜிஎஸ்டி நம்பர் இருந்தா அதையும் குடுத்துடுங்க.

டெல்டாஸ்டுடியோ:
எல்லாருக்கும் நன்றி, தாமு அண்ணா கதைய படிச்சதும் வயித்த கலக்கிடுச்சு, எனக்கும் பக்கத்துல ரெண்டு ஸ்டூல் போட்டுதான் வச்சிருக்கேன்.

நேத்து தினசரி பேப்பர 80க்கு 33ன்னு வெட்டி ஒட்டி பழைய மானிட்டர் மேல மாட்டிப் பாத்தேன். 34 இன்ச்சோட அகலம் இன்ச் கணக்குல 31 சொச்சம் வருது, அப்ப 36 இன்ச் ஷீட்டு கிட்டத்தட்ட நிஜ சைஸ்லயே தெரியும், இந்த 24ல 21 இன்ச்சுக்குள்ள மடங்கிக் கெடக்கு. அது போதும்ணா எனக்கு. ஆனா டேபிள் ஆழம் ரெண்டு அடிகூட இல்ல, அவ்ளோ கிட்ட ஃபிளாட்டா இருந்தா ரெண்டு ஓரமும் பாக்க கழுத்த திருப்ப வேண்டி இருக்காதா? பழைய 24அ ஃபோட்டோஷாப் பேனல்ஸ் வைக்க மட்டும் நெட்டுக்கா நிக்க வச்சுக்கலாமா?

டைம்லைன்தாமு:
கொஞ்சம் திருப்பணும்தான், பொய் சொல்லல. ஸ்டாண்ட கழட்டிட்டு செவுத்துல மாட்டற ஆர்ம் போட்டு மாட்டுங்க, ஒரு சாண் பின்னாடி போகும். பழைய 24அ நெட்டுக்கா வைங்க, லேயர்ஸ் எல்லாம் அதுல தள்ளிடலாம், ஆனா கலர அதுல பாக்காதீங்க.

கடைக்கு போறப்ப பென்டிரைவ்ல உங்க ஷீட்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க, பிரிண்ட் ஆன அதே ஷீட்டையும் சுருட்டி கைல வச்சுக்கோங்க. அந்த கார் ரேஸ நிறுத்தச் சொல்லிட்டு இதப் போடச் சொல்லுங்க. நடுவுல நின்னு பாக்காதீங்க, வலது பக்கம் பொண்ணோட அம்மா உக்கார்ற எடத்துல நின்னு பாருங்க.

டெல்டாஸ்டுடியோ:
சனிக்கிழமை போறேன்ணா. வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய் அந்த எடத்துல நிக்க வைக்கறேன், டிவி பேச்சும் அங்கயே முடிஞ்சிடும்.