எலும்பு, குருத்தெலும்புச் செல்களோடு பழகியவர்கள் சொல்வது

ஆய்வகத்திலிருந்து:

சேதமான மூட்டில் திரும்ப வைக்கக் குருத்தெலும்புச் செல்களை வளர்ப்பது எங்கள் வேலை. மூட்டிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துணுக்கை, திசுவைக் கரைத்துச் செல்களை விடுவிக்கும் கொலாஜினேஸ் என்ற நொதியில் ராத்திரி முழுக்க விட்டு, வடிகட்டி, கிடைத்த செல்களைத் தட்டில் இடுவோம். சில வாரங்களில் தட்டு நிரம்பிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தட்டில் இடும்போது உருண்டையாக இருந்தவை நீண்டு, இரண்டு முனையும் கூர்மையாகி, தழும்பு கட்டும் செல்கள் மாதிரி ஆகியிருக்கும். தட்டையான பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பரவினாலே, வழுவழுப்பான மூட்டுக்கு வேண்டிய இரண்டாம் வகைக் கொலாஜனை (திசுவுக்கு உறுதி தரும் நார்ப்புரதம்) குறைத்து, தழும்பில் இருக்கும் முதல் வகையைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. எண்ணிக்கை ஏற ஏற குணம் போகிறது. இந்த வேலையில் என்னை மிகவும் படுத்துவது இதுதான்.

போன குணத்தை மீட்கவும் வழி உண்டு. பென்யா, ஷாஃபர் என்ற ஆய்வாளர்கள் 1982-லேயே அகரோஸ் என்ற கடற்பாசிக் கூழில் இதைக் காட்டினார்கள். நான் இன்னொரு கடற்பாசிப் பொருளான அல்ஜினேட்டைப் பயன்படுத்துகிறேன். செல் கலந்த அல்ஜினேட்டை ஊசி வழியே கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால், விழுந்த சொட்டு அப்படியே மணியாக இறுகிவிடும். உள்ளே அகப்பட்ட செல் பரவ இடமில்லாமல் மறுபடி உருண்டையாகிறது. பிறகு சிட்ரேட் ஊற்றினால் மணி கரைந்து செல் வெளியே வரும். கூழிலேயே விட்டு வளர்த்து வெட்டிச் சாயமேற்றினால், செல்லைச் சுற்றி, குருத்தெலும்புப் பொருளைக் காட்டும் சஃப்ரானின் சாயத்தின் சிவப்பு வட்டம் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

சிகிச்சை எடுத்துக்கொண்டவர்:

என் முழங்காலில், தொடை எலும்பின் முனையில், குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது. அதில் ரத்தக் குழாய் இல்லை, தானாக ஆறாது என்றார் டாக்டர். முதல் ஆபரேஷனில் துணுக்கு எடுத்தார்கள். செல் வளர்ந்த பிறகு இரண்டாவதில் வைத்தார்கள். இதே சிகிச்சையைச் செய்த ஸ்வீடன் குழு 1994-ல் வெளியிட்ட 23 பேரின் முடிவுகளையும் அவரே விளக்கினார். தொடை எலும்பு முனையில் 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன், முழங்கால் சில்லில் 7 பேரில் 2 பேருக்குத்தான். எந்த இடம் என்பது அவ்வளவு முக்கியம், கேட்காமல் விடாதீர்கள். அப்புறம், ஊன்றுகோல் காலம் பொறுமையைச் சோதிக்கும். வைத்த செல் கெட்டியாக மாதக்கணக்கில் ஆகும், வலி குறைந்துவிட்டதே என்று ஓடக் கூடாது. இன்று மாடிப்படி ஏறுகிறேன், அதுவே எனக்குப் பெரிது.

எலும்புப் பக்கத்திலிருந்து:

எலும்பு வளர்க்கும் எங்களுக்குச் செல்லின் குணத்தைவிட அதற்குச் சாப்பாடு போய்ச் சேர்வதுதான் தொல்லை. எலும்பாக மாறக்கூடிய, மஜ்ஜையின் ஸ்ட்ரோமல் செல்லுக்கு டெக்ஸாமெத்தசோன் (ஒரு ஸ்டீராய்டு), வைட்டமின் சி, பாஸ்பேட் தரும் பீட்டா கிளிசரோபாஸ்பேட் கொடுத்தால் சில வாரங்களில் எலும்பு மாதிரி சுண்ணாம்பு கட்டும். அந்தச் சுண்ணாம்பைக் காட்டும் அலிசரின் சாயம் போட்டால் தட்டே சிவக்கும். அதையே, செல் ஒட்டி வளரும் துளையுள்ள கனமான சட்டகத்தில் வளர்த்து நடுவில் வெட்டிப் பார்த்தோம். ஓரம் மட்டும் சிவப்பு, நடுவில் செத்த செல்கள். ஆக்சிஜன் ஊறிப் போவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான். செல்லுக்குச் சத்துத் தரும் திரவமான மீடியத்தைச் சட்டகத்துக்குள்ளேயே பம்ப் செய்த பிறகு நடுப்பகுதியும் பிழைத்தது. ஆனால் உடம்புக்குள் வைத்ததும் பம்ப் கிடையாதே? அதனால் இப்போது ரத்தக் குழாய்ச் செல்களையும் சேர்த்தே வளர்க்கிறோம்.