பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் "தொடர்பு இல்லை" என்று எழுதிவிடலாமா?

முதுகலை மாணவி:

வணக்கம். சமூகவியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள், மற்றவர்களைவிட அதிகமாகப் பகுதிநேர வேலைக்குச் செல்கிறார்களா என்பதே என் கேள்வி. முதல் தலைமுறையினர் 30 பேரில் 12 பேரும், மற்றவர்கள் 30 பேரில் 8 பேரும் வேலைக்குச் செல்வதாகக் கூறினர். எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனையில் பி-மதிப்பு 0.27 என்று வந்தது. அது 0.05க்கு மேல் இருப்பதால் இன்மைக் கருதுகோள் (இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை என்ற அனுமானம்) நிரூபணமாகிவிட்டது, தொடர்பு இல்லை என்று முடிவுரையில் எழுதிவிடு என்கிறார் நெறியாளர். ஒரு பக்கம் 40 விழுக்காடு, மறுபக்கம் 27 விழுக்காடு என்று கண்ணெதிரே இருக்கும்போது அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. 0.27 என்றால் தொடர்பு இல்லாமலிருக்க 27 விழுக்காடு வாய்ப்பு என்றும், தொடர்பு இருக்க 73 விழுக்காடு வாய்ப்பு என்றும் கொள்ளலாமா? சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காண எனக்குத் தெரியும். அந்த விடை என்ன சொல்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்:

நெறியாளர் சொல்வதும் சரியன்று, உங்கள் 73 விழுக்காடும் சரியன்று. இரண்டுமே பி-மதிப்பைக் கருதுகோளின் மீது ஏற்றிப் பார்ப்பதால் வரும் பிழைகள். இரு பிரிவினருக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டால், தற்செயலாக மட்டுமே இவ்வளவு பெரிய, அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தரவில் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறோம். அதற்கு விடைதான் 0.27. இன்மைக் கருதுகோள் உண்மை என்ற அனுமானம் அந்தக் கணக்கின் முதல் அடியிலேயே இருக்கிறது; ஆகவே அது உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை அதே கணக்கு திருப்பித் தர முடியாது.

இதை விளக்கப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் எழுதிய தேநீர்ச் சோதனையைவிட எளிய எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவருடன் பணியாற்றிய பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிட முடியும் என்றார். அந்தக் கூற்றைச் சோதிக்க எட்டுக் கோப்பைகள், அவற்றில் பால் முதலில் ஊற்றியவை நான்கு. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. சுவை உணர்வே இல்லாத ஒருவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான் உண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 விழுக்காடு. நான்கில் மூன்றையாவது சரியாகச் சொல்லிவிட 70இல் 17 வாய்ப்புகள், அதாவது 24 விழுக்காடு. மூன்று சரியாக இருந்தது என்பதற்காக அவருடைய திறமையை ஏற்றுக்கொள்ள முடியாது. திறமையே இல்லை என்று தீர்ப்புக் கூறவும் முடியாது. உங்கள் 0.27 ஏறத்தாழ இந்த மூன்று கோப்பை நிலையில்தான் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையைச் சமூக ஆய்விலிருந்தே காட்டலாம். மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான தன்விவரக் குறிப்புகளை அனுப்பினர். எமிலி, கிரெக் போன்று வெள்ளையர்களிடம் வழங்கும் பெயர்களில் 2,435 விண்ணப்பங்கள். லக்கீஷா, ஜமால் போன்று கறுப்பர்களிடம் வழங்கும் பெயர்களிலும் அதே எண்ணிக்கை. முதல் வகைக்கு 235 அழைப்புகளும் இரண்டாம் வகைக்கு 157 அழைப்புகளும் வந்தன. பெயரால் வேறுபாடு இல்லையென்றால் மொத்தம் 392 அழைப்புகளில் பக்கத்துக்கு 196 வந்திருக்க வேண்டும். இரு பக்கமும் 39 விலகியிருப்பதால் கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 16.9 ஆகிறது, 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்கான (அதாவது பி-மதிப்பு 0.05 ஆகும்) எல்லையோ 3.84தான். தற்செயலாக இப்படி நிகழப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. எனவே இங்கே இன்மைக் கருதுகோளைத் தயங்காமல் மறுக்கிறோம்.

இரண்டு வகையினருக்கும் அழைப்பு விகிதம் 9.65, 6.45 விழுக்காடு, வேறுபாடு மூன்று புள்ளிகளைச் சற்றே தாண்டுகிறது. உங்கள் தரவிலோ வேறுபாடு 13 புள்ளிகள். ஆனாலும் அங்கே மறுக்க முடிந்தது, இங்கே முடியவில்லை. காரணம் கூறின், அதாவது ஆய்வுக்கு எடுத்த மாதிரியின், அளவுதான். அதை நெறியாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உண்மையான விகிதங்கள் 40, 27 விழுக்காடாகவே இருந்தாலும், பிரிவுக்கு 30 பேரை வைத்துச் சோதித்தால் ஐந்து முறையில் ஒரு முறைதான் 0.05க்குக் கீழே வரும். மற்ற நான்கு முறையும் இருக்கும் வேறுபாடு கண்ணில் படாமலே போகும். இதுவே இரண்டாம் வகைப் பிழை. ஐந்தில் நான்கு முறை அதையே தவறவிடக்கூடிய சோதனையால் தொடர்பு இல்லை என்று நிரூபிக்க முடியாது. அந்த வேறுபாட்டை 80 விழுக்காடு உறுதியுடன் பிடிக்கப் பிரிவுக்கு ஏறத்தாழ 200 பேர் வேண்டும்.

களஆய்வாளர்:

ஆசிரியரின் விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் தொடாத ஓரிடம் இருக்கிறது. அந்த 60 பேரும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டனர்? அமெரிக்க ஆய்வில் எந்தத் தன்விவரக் குறிப்புக்கு எந்தப் பெயர் என்பதைச் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்தனர். "தற்செயலாக" என்ற சொல்லுக்கு அங்கே பொருள் உண்டு. உணவகத்தில் அகப்பட்டவர்களிடமும் தோழிகளின் தோழிகளிடமும் வினாத்தாளைக் கொடுத்திருந்தால், பி-மதிப்பு எத்தனை தசமத்தில் வந்தாலும் அது நிற்பதற்குத் தரை இல்லை. 200 பேரை அப்படியே சேர்த்தாலும் இந்தக் குறை தீராது.

இன்னொன்று: வினாத்தாளில் 20 கேள்விகள் இருந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே 5 விழுக்காட்டு நிலையில் சோதித்தால், எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாதபோதும் ஒன்றாவது "கிடைத்துவிட" ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு (கேள்விகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால்). கிடைத்ததை மட்டும் எழுதிவிட்டு மற்ற பத்தொன்பதை மறைப்பதுதான் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் குற்றம். எந்தக் கருதுகோளைச் சோதிக்கப்போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முதுகலை மாணவி:

இருவருக்கும் நன்றி. மாணவர் பெயர்ப்பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில்தான் எடுத்தேன், ஆனால் எங்கள் கல்லூரியில் மட்டும். வேறு கேள்விகளைச் சோதிக்கவில்லை. ஒரே ஐயம்: மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது என்றால் சோதனை செய்து என்ன பயன்? 0.05 என்ற கோட்டை யார்தான் கிழித்தது?

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்:

கோட்டைப் பரப்பியவர் ஃபிஷர். 1925இல் வசதியான எல்லையாக அதை முன்வைத்தார், இயற்கை விதியாக அன்று. மாற்றுக் கருதுகோளையும் (வேறுபாடு உண்டு என்ற எதிர் அனுமானம்) இருவகைப் பிழைகளையும் (இல்லாத வேறுபாட்டை உண்டு என்பது, இருப்பதைத் தவறவிடுவது) 1930களில் வகுத்தவர்கள் புள்ளியியலாளர்கள் நெய்மனும் ஈகான் பியர்சனும். ஒத்துப்போகாத அந்த இரு தரப்பையும் பாடநூல்கள் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதால்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள் என்பது என் கருத்து. மிகைகாண் நிலை என்ற சொல் கரடுமுரடாக இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். "முக்கியத்துவம்" என்று எழுதினால் வேறுபாடு பெரியது என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

பயனைப் பொறுத்தவரை, பி-மதிப்போடு நம்பிக்கை இடைவெளியையும் (தரவோடு ஒத்துப்போகக்கூடிய வேறுபாடுகளின் வீச்சு) கொடுத்துவிட்டால் உங்கள் சிக்கல் பெரிதும் தீரும். உங்கள் எண்களுக்கு அதைக் கணக்கிட்டேன். முடிவுரையில் இப்படி எழுதலாம்: "இக்கல்லூரியில் முதல் தலைமுறை மாணவர்களிடையே பகுதிநேர வேலை விகிதம் 13 புள்ளிகள் அதிகமாகக் காணப்பட்டது, ஆயினும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, 10 புள்ளிகள் குறைவாக இருப்பதிலிருந்து 37 புள்ளிகள் அதிகமாக இருப்பது வரை விரிவதால், கூறின் அளவு இக்கேள்விக்கு விடையளிக்கப் போதுமானதாக இல்லை." நெறியாளர் "தொடர்பு இல்லை" என்பதிலேயே பிடிவாதமாக இருந்தால், அந்த 37 புள்ளிகளை எதைக் கொண்டு இல்லையென்று தள்ளினீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.