இன்ஜின் ஸ்டாண்டில் ஏற்றிய ஆறு சிலிண்டர் டீசல் முன்பக்கம் சாய்கிறது: தாங்கு தகடு அடித்தால் போதுமா?

டீசல்பித்தன்:
வணக்கம். பட்டறையில் கையால் செய்த இன்ஜின் ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. 50×50 ஸ்கொயர் டியூப், 3 மி.மீ. கனம், ஒற்றைத் தூண், இன்ஜினைத் திருப்பும் சுழல்தலைக்குப் பைப்புக்குள் பைப். 150 கிலோ பெட்ரோல் இன்ஜின்களை வருஷக்கணக்கில் சுமந்திருக்கிறது, ஒரு முனகல் இல்லை. இப்போது வந்திருப்பது ஆறு சிலிண்டர் டீசல், சுமார் 480 கிலோ. பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் சேரும் பின்முனை) பக்கம் பிடித்து மாட்டினோம். செயின் பிளாக்கைத் தளர்த்தத் தளர்த்த இன்ஜினின் முன்பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். உடனே திரும்பத் தூக்கிவிட்டேன். இன்ஜினைக் கழற்றிய பிறகும் தூண் முழுசாக நிமிரவில்லை. மூலைமட்டம் வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. வெல்டிங் எங்கேயும் விடவில்லை. தூணின் அடியில் முக்கோணத் தகடு வைத்து அடித்தால் தாங்குமா?

பொறிபறக்க:
அடியில 6 எம்எம் தகடு ரெண்டு பக்கமும் வச்சு வெல்டிங் இழுங்க, போதும். இதைவிட மெலிசான டியூப்ல எல்லாம் ஓட்டிக்கிட்டிருக்காங்க.

மூலைமட்டம்:
மேலே சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. தொங்கும் எடை தூணை நெம்பும் பலம், தூணின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே அளவு. அடியில் தகடு வைத்தால் அந்த ஒரு சாண் விறைக்கும்; தகடு முடியும் இடத்துக்கு மேலே வளையும்.

கணக்கைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் நீளமான பிளாக். அதன் எடைமையம் தூணிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் என்று வைப்போம். 480 கிலோ அந்தத் தூரத்தில் தொங்கினால் நெம்புவது சுமார் 2350 நியூட்டன் மீட்டர். உங்கள் டியூபில் அது 280 மெகாபாஸ்கல் அழுத்தம். சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ஐத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான். நீங்கள் பார்த்த வெளிச்சம் அதுதான். 150 கிலோ இன்ஜின் எடையிலும் குறைவு, நீளத்திலும் குறைவு. அதற்கு 70 மெகாபாஸ்கல்தான் வந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் சத்தம் இல்லை.

75×75, 6 மி.மீ. கனத்துக்குப் போங்கள். அதே சுமைக்கு 67 மெகாபாஸ்கல், ஏறத்தாழ நாலு மடங்கு பத்திரம். வளைந்த தூணை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அடிச்சட்டமும் அதே டியூபாக இருக்கட்டும். முன்கால்கள் இன்ஜினின் எடைமையத்தைத் தாண்டி நீள வேண்டும், இல்லாவிட்டால் தூண் தாங்கினாலும் ஸ்டாண்டு குப்புற விழும்.

பழைய டீசல்:
தம்பி, தூண் ஒரு பக்கம் இருக்கட்டும், சுழற்றுறதைப் பத்தி யாருமே பேசலையே. உங்க பைப்பு கிராங்க் நடுவுக்கு நேரா இருக்கா? ஹெட் போட்ட டீசலுக்கு எடைமையம் கிராங்குக்கு மேலதான் இருக்கும். 12 சென்டிமீட்டர் மேலன்னு வையுங்க. இன்ஜினைப் பக்கவாட்டுல சாய்க்கிற நேரத்துல திருப்புற ஒரு மீட்டர் ராடு நுனியில 58 கிலோ தள்ளும். பூட்டுப்பின்னை உருவின கையோட ராடு சுழன்று தாடையில அடிக்கும். பெட்ரோல் இன்ஜினைக் கையால பிடிச்சுத் திருப்பின பழக்கத்துல இதுகிட்ட போகாதீங்க.

அதனால 40-க்கு 1 வார்ம் கியர் பாக்ஸ் (கைப்பிடி 40 சுத்து சுத்தினா ஒரு சுத்து திரும்புற திருகுப் பல்சக்கரப் பெட்டி) பழசு கிடைச்சா தலையில வச்சிடுங்க. கைப்பிடியைச் சுத்தினா மெதுவா திரும்பும், விட்ட இடத்துல நிக்கும். அப்பவும் பூட்டுப்பின் கட்டாயம் வேணும், பல்லை மட்டும் நம்பாதீங்க. பிடிதகட்டுல போல்ட் ஓட்டைகளை நீளவாக்குல வெட்டுங்க. ஹெட்டைக் கழற்றினதும் எடைமையம் இறங்கும், அதுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கலாம். ஆனா நகர்த்துறது செயின் பிளாக்ல தொங்கும்போது மட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பிளாக் பக்கவாட்டுல மவுண்டிங் போல்ட் துளைகள் கனமா இருந்தா அங்கேயே பிடிங்க. நீளம் பூரா தொங்காது, தூணை நெம்புறது 30 சதவீதம் வரை குறையும். பின்பக்கமும் காலியா கிடைக்கும். ரியர் சீல், பிளைவீல் மாட்ட திரும்ப இறக்கி ஏத்த வேண்டாம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

டீசல்பித்தன்:
நன்றி அண்ணே. பக்கவாட்டில் நாலு துளை இருக்கிறது, அதிலேயே பிடிக்கிறேன். தூண் 75×75. 8.8 வலிமைத் தர போல்ட் கையில் இருக்கிறது, போதுமா? சுழல்தலைக்கு வாங்கிய பைப் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைய மறுக்கிறது, அளவு என்னவோ சரிதான்.

மூலைமட்டம்:
அதைவிட வலுவான 10.9 தரம் போடுங்கள். வார்ப்பிரும்பு பிளாக்கில் மரை, போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். தகட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் நீளமான ஸ்பேசர் வைத்தால் போல்டே வளையும், முடிந்தவரை ஒட்டியே பிடியுங்கள். பைப் நுழையாததற்கு உள்சுவரில் ஓடும் வெல்டிங் வரப்புதான் காரணம். விரலை விட்டுத் தடவினால் தட்டுப்படும். லேத்தில் வைத்து உள்ளே ஒரு சீவு சீவி, கிரீஸ் நிப்பிள் ஒன்றும் போடுங்கள். துத்தநாகம் பூசிய பைப்பாக இருந்தால் வெல்டிங்குக்கு முன் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

பொறிபறக்க:
சக்கரம்? மொத்த எடையை நாலால வகுத்து வாங்கிடலாமா?

பழைய டீசல்:
கூடாது. தரை மேடுபள்ளமா இருந்தா ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும், மிச்ச பாரம் எதிரெதிர் ரெண்டு சக்கரத்து மேல போயிடும். ஸ்டாண்டோட சேர்த்து 580 கிலோன்னா ஒவ்வொண்ணும் 300 தாங்கணும். விட்டம் பெருசா பாருங்க, சின்னச் சக்கரம் தரையில கிடக்கிற ஒரு நட்டுல மாட்டினாலே நின்னுடும். வேலை செய்யும்போது திருகு ஜாக்கியில ஏத்தி நிறுத்துங்க, சக்கரத்து மேல வேண்டாம்.