நலவாழ்வுக் குழுவில் யார் யார் உட்கார வேண்டும்?

கோத்தகிரி செவிலியர்:
இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய 1943இல் அமைந்த சுகாதாரக் குழுவின் தலைவர் ஜோசப் போர் (Bhore). அவர் மருத்துவரல்ல, ஆங்கிலேயர் கால ஆட்சிப்பணியான ஐ.சி.எஸ். அதிகாரி. உறுப்பினர்களில் லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர், என்.எம். ஜோஷி தொழிற்சங்கத் தலைவர். இன்றைய குழுக்களில் இந்தக் கலப்பு இருக்கிறதா? இருளர் குடியிருப்பிலிருந்து கர்ப்பிணியைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறோம். அட்டை கடித்த கால்களோடுதான் ஜீப்பில் ஏற்றினோம். அந்தப் பாதையில் நடந்த ஒருவராவது குழுவில் வேண்டாமா?

குன்னூர் வாசகர்:
கட்டாயம் வேண்டும் அக்கா. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலையில் 20,000 பேர் என்பது விதி. தலையை எண்ணினால் போதுமா? ஏற்றத்தையும் மழையையும் யார் எண்ணுவது?

கூடலூர் தோட்டத் தொழிலாளி:
நிர்வாகம் தெரிந்தவரும் தேவை. ஜோசப் போர், வைஸ்ராயின் நிர்வாக சபையில் ரயில்வே, வணிகத் துறைகளைக் கவனித்தவர். பணம் எங்கே முடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கோத்தகிரி செவிலியர்:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நிர்வாகம் தெரிந்தவர் பக்கத்திலேயே ஒரு கிராம சுகாதார செவிலியருக்கும் நாற்காலி போடுங்கள், வாக்குரிமையோடு.